மலையக வாவி நீரிலிருந்து நுண்ணங்கிகளைப் பிரித்தெடுத்தல்: எந்த வடிகட்டி எதற்கு, ஒப்பிடுவது எப்படி

நுவரெலியாவின் கிரகரி வாவியில் விடியற்காலை அள்ளிய ஒரு போத்தல் தண்ணீர் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் அதன் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் பத்து இலட்சம் அளவில் பற்றீரியாக்கள் இருக்கும். பெரும்பாலான வாவிகளுக்குப் பொருந்தும் கணக்கு அது. மலக்கழிவு கலந்ததற்கு அடையாளமாக நீங்கள் தேடும் ஈ. கோலியோ, நூறு மில்லிலீற்றரில் இருபது முப்பதுதான் இருக்கலாம். பத்துக் கோடிக்குள் இருபதைத் தேடும் வேலை இது. ஒரு துளியைத் தட்டில் தடவிப் பார்த்தால் அகப்படாது. நிறையத் தண்ணீரைச் சின்னப் பரப்பில் திரட்ட வேண்டும், அதற்குத்தான் வடிகட்டி.

"எத்தனை மைக்ரோமீற்றர் வாங்கட்டும்?" என்பதுதான் புதிதாகத் தொடங்குபவர் முதலில் கேட்பது. அதைக் கடைசியில் கேளுங்கள். பிடித்ததை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், இன்றைய தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால் துளையின் அளவு தானாகத் தெரிந்துவிடும். மாசியில் சரியாக வேலை செய்த வடிகட்டி, ஒக்டோபர் மழையில் அறுபது மில்லிலீற்றரிலேயே அடைத்துக்கொள்வது மலைநாட்டில் சாதாரணம். மரக்கறித் தோட்ட மண்ணும் தேயிலைச் சரிவின் வண்டலும் ஒரே இரவில் வாவிக்குள் வந்துவிடும்.

உயரம் செய்யும் வேலை

கடற்கரை ஊர்களில் எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது கிருமியழித்தல். வடிகட்டும் புனல், போத்தல், கழுவும் நீர் எல்லாவற்றையும் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் வைக்கச் சொல்லி எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அந்த வெப்பநிலை கிடைக்கும் என்பது கடல் மட்டக் கணக்கு. நுவரெலியா ஏறத்தாழ 1,880 மீற்றர் உயரம். இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 81 கிலோபஸ்கால்தான், கடற்கரையில் 101. ஆகவே அழுத்த அளவியில் 15 காட்டும்போது உள்ளே இருப்பது 117 அல்லது 118 பாகை. 121 வேண்டுமென்றால் நுவரெலியாவில் அளவி 18 காட்ட வேண்டும், ஹட்டனில் 17, கண்டியில் 16. வெப்பநிலையை நேரே அளந்து கட்டுப்படுத்தும் ஒட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமியழிக்கும் கலன்) இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். பாரமான விசில் போட்ட பிரஷர் குக்கரில் அழுத்தத்தைக் கூட்ட வழியில்லை; கூட்டவும் கூடாது, வெடிக்கும். அதில் நேரத்தைக் கூட்டுங்கள்: 15 நிமிடத்துக்குப் பதில் 35 நிமிடம்.

இரண்டாவது வளர்ப்பூடகம், அதாவது பிடித்த பற்றீரியாக்களைத் தட்டில் வளர்க்கும் சத்துக் கூழ். கோலிபோம்களுக்கான (ஈ. கோலியும் அதன் உறவுப் பற்றீரியாக்களும்) நிறமூட்டும் ஏகார், எம்-எப்.சி. ஏகார் போன்ற ஊடகங்களை ஒட்டோகிளேவில் வைக்கக்கூடாது, கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். குமிழி வந்ததும் இறக்கினால் ஏகார் பாதி கரைந்திருக்கும், தட்டு தளதளவென்று நிற்கும், வடிகட்டிச் சவ்வை வைத்தால் உள்ளே அமிழும். குடுவையைச் சுழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிச் சுவரில் மணி மணியாக ஒன்றும் ஒட்டாமல் வழியும் வரை விடுங்கள். ஊற்றும்போதும் தாமதிக்க வேண்டாம். குளிர்ந்த மேசையில் வைத்த தட்டில் ஏகார் சட்டென்று இறுகிக் கட்டி கட்டியாகும்.

மூன்றாவது, சவ்வின் ஊடாக நீரை இழுக்கும் வெற்றிடப் பம்பி. அளவியில் 100 வரை கோடு இருக்கும், ஆனால் இந்த உயரத்தில் எந்தப் பம்பியும் 81 கிலோபஸ்காலைத் தாண்டி இழுக்க முடியாது. கொழும்பில் 80 வரை இழுத்த பம்பி இங்கே 60இல் நின்றால் அது பழுதல்ல. பம்பியைப் பிரித்துப் போட வேண்டாம்.

எதற்கு எது

வளர்த்து எண்ணுவதற்கு: 47 மில்லிமீற்றர் விட்டம், 0.45 மைக்ரோமீற்றர் துளை, செலுலோசு எஸ்டர் கலவை, கட்டம் போட்ட வெள்ளைச் சவ்வு. ஈ. கோலி அரை மைக்ரோமீற்றருக்கு மேல் அகலமும் ஒன்றிலிருந்து மூன்று வரை நீளமும் கொண்டது, ஆகவே இதில் தங்கிவிடும். ஊடகத்தின் சத்து இந்தச் சவ்வின் வழியே நன்றாக ஊறி மேலே வரும். 0.2க்குப் போனால் கூடுதலாகப் பிடிக்கலாம் என்று நினைத்து மாற்றுபவர்கள் உண்டு. கோலிபோம் எண்ணிக்கையில் அதனால் வரும் இலாபம் ஒன்றுமில்லை, சவ்வு சீக்கிரம் அடைபடும், அவ்வளவுதான்.

டி.என்.ஏ. எடுப்பதற்கு 0.2 அல்லது 0.22 மைக்ரோமீற்றர் வேண்டும். வாவியில் இயல்பாக வாழும் பற்றீரியாக்களில் பல அரை மைக்ரோமீற்றருக்கும் சிறியவை, 0.45இன் ஊடாக அவை ஓடிவிடும். இதில் தட்டையான சவ்வு, மூடிய குப்பி என்று இரண்டு வடிவம் உண்டு. பொலித்தர்சல்போன் சவ்வில் நீர் விரைவாக இறங்கும். பொலிகாபனேற்றுச் சவ்வு மெல்லியது, கண்ணாடிபோல வழவழப்பானது, துளைகள் ஒரே அளவானவை, ஆனால் கலங்கல் நீரில் வெகு விரைவில் அடையும். ஸ்டெரிவெக்ஸ் போன்ற மூடிய குப்பிகளில் வடிக்கும் பரப்பு 10 சதுர சென்ரிமீற்றர். 60 மில்லிலீற்றர் சிரிஞ்சைப் பூட்டிக் கரையில் நின்றே தள்ளலாம். பம்பி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தூசி உள்ளே போகாது. மஸ்கெலியா, காசல்ரீ போன்ற ஆய்வுகூடம் எட்டாத நீர்த்தேக்கங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கைவலி மட்டும் நிச்சயம்.

நுணுக்குக்காட்டியில் நேரே எண்ண, 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள கறுப்பு நிறப் பொலிகாபனேற்று, 0.2 மைக்ரோமீற்றர். போமலினை ஊற்றி, போமல்டிகைட்டு 2 சதவீதமாக வரும்படி நீரை நிலைப்படுத்தி, கலங்களை ஒளிரவைக்கும் டாப்பி சாயத்தை இருட்டில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒன்று இரண்டு மில்லிலீற்றர் மட்டும் வடித்தால் போதும். வெள்ளைச் சவ்வில் செய்தால் பின்னணியே ஒளிரும், கலம் எதுவென்று தெரியாது. செலுலோசுச் சவ்வு பஞ்சுபோல் இருப்பதால் கலங்கள் வெவ்வேறு ஆழத்தில் புதைந்துவிடும், குவியத்தில் ஒன்றாக வராது.

கண்ணாடி நார் வடிதாளும் பலரிடம் இருக்கும். பெயரளவில் 0.7 மைக்ரோமீற்றர். பச்சையம் அளக்க, அல்காக்களைச் சேர்க்க அருமையானது, கலங்கல் நீரையும் தாங்கும். பற்றீரியாவை எண்ண அதைப் பயன்படுத்த வேண்டாம். அதில் ஒரே அளவான துளை என்று எதுவும் கிடையாது. நார்ப் பின்னலில் பாதி சிக்கும், பாதி போகும், எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது.

பத்து லீற்றருக்கு மேல் வடிக்க வேண்டியிருந்தால், அதாவது மிக அரிதாக இருக்கும் ஒன்றைத் தேடினால், சிறுநீரக நோயாளிகளுக்குப் பயன்படும் டயலைசர் உதவும். 2.5 சதுர மீற்றர் பரப்புள்ள ஒன்றில் 25,000 சதுர சென்ரிமீற்றர் சவ்வு சுருண்டு கிடக்கிறது, மேற்சொன்ன குப்பியில் இருப்பது பத்து. ஒரு முனையை மூடி, சுருள் பம்பியால் நீரைச் செலுத்தினால் வைரசு முதல் ஒட்டுண்ணி வரை எல்லாமே உள்ளே தங்கும். பிறகு 0.5 சதவீத ட்வீன் 80 (ஒரு சவர்க்காரப் பொருள்), 0.01 சதவீத சோடியம் பொலிபொஸ்பேற்று, மிகச் சிறிதளவு நுரையடக்கி கலந்த அரை லீற்றர் திரவத்தை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி எடுக்க வேண்டும். அந்த அரை லீற்றரை மறுபடி சவ்வில் வடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் பாவித்துக் கழித்த டயலைசரை யாராவது இனாமாகத் தருவதாகச் சொன்னால் தொட வேண்டாம். அதில் இருப்பது மனித இரத்தம்.

சவ்வு வடிகட்டல், படிப்படியாக

மற்ற எல்லா முறைகளையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம், ஆகவே இதைக் கைப்பழக்கம் ஆகும்வரை செய்யுங்கள்.

1. கிருமியழித்த போத்தலை நீர்மட்டத்துக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் கீழே, வாயை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிரப்புங்கள். மேலே இரண்டு விரல் அளவு காற்று விடுங்கள், இல்லாவிட்டால் குலுக்க முடியாது. மேற்படலத்தை அள்ளக்கூடாது, காற்று ஒதுக்கிய பச்சைப் படலம் ஒரு கரையில் மட்டும் திரண்டு நிற்கும், அது முழு வாவிக்கும் பேசாது. எல்லா நாட்களிலும் ஒரே நேரத்தில் எடுங்கள். வெயில் ஏறினால் மேல்மட்டத்து ஈ. கோலி செத்துக் குறையும், காலை எண்ணும் பிற்பகல் எண்ணும் ஒத்துவராது.

2. 10 பாகைக்குக் கீழே ஐஸ் பெட்டியில், இருட்டில். வளர்க்கும் மாதிரி உறையக்கூடாது. மீன் கடை ஐஸை உபயோகித்தால் போத்தலை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள், உருகும் நீர் மூடி வழியே போகும். ஆறு மணி நேரத்துக்குள் வடித்துவிட வேண்டும்.

3. மேசையை 70 சதவீத மதுசாரத்தால் துடைத்து, புனலைப் பூட்டி, முதல் சவ்வில் 100 மில்லிலீற்றர் கிருமியழித்த நீரை வடித்துத் தட்டில் வையுங்கள். இது வெற்றுச் சோதனை. இதில் ஒரு கொலனி (ஒரு கலம் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) முளைத்தாலும் அன்றைய எண்கள் எதையும் நம்ப வேண்டாம்.

4. இடுக்கியை மதுசாரத்தில் தோய்த்துச் சுடரில் காட்டி, தீ அணைந்து ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். சூட்டோடு தொட்டால் சவ்வின் ஓரம் சுருங்கி அங்கே நீர் ஒழுகும்.

5. சவ்வை ஓரத்தில் மட்டும் பிடித்து, கட்டம் மேலே தெரிய வையுங்கள். பெட்டியில் ஒவ்வொரு வெள்ளைச் சவ்வுக்கும் இடையில் ஒரு நிறத்தாள், பெரும்பாலும் நீலம், இருக்கும். அது வெறும் பாதுகாப்புத் தாள். அதையே சவ்வென்று வைத்து வடித்து, "தண்ணீர் நன்றாக ஓடுகிறதே" என்று மகிழ்ந்து, மறுநாள் வெறுந்தட்டைப் பார்ப்பது முதல் மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். நூறு மில்லிலீற்றர் சில விநாடியில் இறங்கினால் சந்தேகப்படுங்கள்.

6. போத்தலை 25 தடவை பலமாகக் குலுக்குங்கள். தெளிந்த நீருக்கு 100 மில்லிலீற்றர், நகரத்துக் கால்வாய் கலக்கும் இடத்துக்கு 10, 1, 0.1 என்று மூன்று அளவு. 20 மில்லிலீற்றருக்குக் குறைவாக எடுப்பதாயிருந்தால் முதலில் புனலில் 20 மில்லிலீற்றர் கிருமியழித்த நீரை ஊற்றி அதன்மேல் மாதிரியை விடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் எல்லாக் கொலனியும் ஒரே மூலையில் குவியும்.

7. வெற்றிடம் 60 கிலோபஸ்கால் போதும். முழுதும் இறங்கியதும் புனல் சுவரை 20 முதல் 30 மில்லிலீற்றர் நீரால் மூன்று முறை கழுவுங்கள். சுவரில் ஒட்டியிருப்பதும் உங்கள் எண்ணிக்கைதான்.

8. வெற்றிடத்தை விடுவித்த பிறகே சவ்வை எடுங்கள். ஏகாரின் ஒரு ஓரத்தில் தொட்டு, பாய் விரிப்பதுபோல் மெதுவாக உருட்டி இறக்குங்கள். அடியில் காற்றுக்குமிழி சிக்கினால் அந்த வட்டத்துக்குச் சத்து ஏறாது, மறுநாள் அங்கே மட்டும் வெறுமையாக இருக்கும். குமிழி தெரிந்தால் உடனே தூக்கித் திரும்ப உருட்டலாம்.

9. தட்டைக் கவிழ்த்து அடைகாக்கவும். நிறமூட்டும் கோலிபோம் ஏகாரில் 36 பாகை, 21 மணி நேரம் அளவில்: கருநீலம் முதல் ஊதா வரை ஈ. கோலி, இளஞ்சிவப்பு முதல் சிவப்பு வரை மற்றக் கோலிபோம். ஆனால் இந்த ஊடகம் மற்றப் பற்றீரியாக்கள் குறைவாக உள்ள நீருக்கென்று வகுக்கப்பட்டது. வாவி நீரில் நிறமற்ற கொலனிகள் சவ்வை மூடிவிடும். அப்போது அளவைக் குறையுங்கள், அல்லது எம்-எப்.சி. ஏகாரில் 44.5 பாகைக்குப் போங்கள். அந்தச் சூட்டில் நீரில் வாழும் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

44.5 என்றால் 44.5தான், இருபுறமும் 0.2க்கு மேல் நகரக்கூடாது. தை மாத இரவில் நுவரெலியா அறை பத்துப் பாகைக்குக் கீழே போகும்போது சாதாரணப் பெட்டி இன்கியூபேட்டரின் கதவோரத் தட்டுகள் நாற்பதைத் தாண்டாது. தட்டுகளை நீர் புகாத பைகளில் இட்டு, மூடியுள்ள நீர்த்தொட்டியில் அமிழ்த்துவது நல்லது. தொட்டியைச் சுற்றி ரிஜிபோம் பலகை கட்டினால் சிறு மின்வெட்டையும் தாங்கும்.

20க்கும் 80க்கும் இடையில் கொலனி உள்ள தட்டையே எண்ணுங்கள், எம்-எப்.சி.யில் 60 வரை. அதற்கு மேல் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.

கலங்கல் நீரில்

முதல் நூறு மில்லிலீற்றர் இறங்க எடுத்த நேரத்தை எழுதுங்கள். அடுத்த நூறு இரட்டிப்பு நேரம் எடுத்தால் இன்னொரு நூறு போகாது. சொட்டுச் சொட்டாக வரும்போது பலர் பம்பியை முழுக்கத் திருகுவார்கள், சிரிஞ்சென்றால் நெஞ்சை வைத்து அழுத்துவார்கள். அப்போது மெல்லிய சுவருள்ள கலங்கள் உடையும், வளையக்கூடியவை துளை வழியே பிதுங்கிப் போகும், குப்பியின் சவ்வும் கிழியலாம். கிழிந்ததற்கு அடையாளம்: அதுவரை அடைத்திருந்த நீர் திடீரென்று சுலபமாக ஓடும். அல்கா பார்ப்பதானால் 20 கிலோபஸ்காலுக்கு மேல் இழுக்கவே வேண்டாம்.

சரியான வழி, ஒரே மாதிரியை இரண்டு மூன்று சவ்வுகளில் பிரித்து வடித்துக் கூட்டுவது. இன்னொன்று முன்வடிப்பு: 20 மைக்ரோமீற்றர் நைலோன் வலை, பிறகு 3 மைக்ரோமீற்றர், பிறகு 0.22. சுலபம்தான், ஆனால் கலங்கல் நீரில் பற்றீரியாக்களில் நல்ல பங்கு மண் துகளில் ஒட்டிக்கொண்டு போகும். 3 மைக்ரோமீற்றரில் மண்ணைத் தடுத்தால் அவற்றையும் தடுத்துவிடுகிறீர்கள். 20 மைக்ரோமீற்றர் வலையால் பெரிய இழப்பு வராது. முன்வடிப்பில் தங்கியதை எறியாமல் அதையும் தனியே சோதியுங்கள். சேலைத் துணி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: இலை குப்பையை நிறுத்தத் துணி உதவும், கிருமியழித்ததாக இருந்தால்.

பழுப்பு நிறம் வேறு பிரச்சினை. ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகள்போல மக்கிய தாவரச் சாறு கலந்த நீர் தெளிவாக, தேநீர் நிறத்தில் இருக்கும். வடிகட்டி அடையாது, எல்லாம் நன்றாகப் போகும், கடைசியில் பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.யைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் காட்டும் சோதனை, வேலை செய்யாது. அந்தச் சாற்றிலுள்ள ஹியூமிக் அமிலம், பெருக்கும் நொதியத்தை நிறுத்திவிடுகிறது. (தேசிய பூங்காவுக்குள் மாதிரி எடுப்பதற்கு முன்கூட்டி வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.) இந்தத் தடையைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ.யைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள். தடை இல்லையென்றால், டி.என்.ஏ. தென்படும் சுற்று எண் 3.3 அளவு பின்தள்ளும். அதைவிடக் குறைவாகத் தள்ளினாலோ, ஐதாக்கியது முன்னதாகவே வந்தாலோ, தடை இருக்கிறது. இரண்டு லீற்றர் வடித்தால் ஒரு லீற்றரைவிட நல்ல முடிவு வரும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகும். தடுக்கும் பொருளும் இரண்டு மடங்கு சேர்கிறதே.

ஒப்பீட்டை நடத்துவது

ஒரு முறையைத் திங்கட்கிழமை, இன்னொன்றைப் புதன்கிழமை செய்துவிட்டு ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு நாள் மழையை. ஒரே தண்ணீர், ஒரே காலை, ஒரே கை.

கழுவிக் கிருமியழித்த 20 லீற்றர் கலனில் நீரை எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் மூன்று மாதிரி, ஒரு வெற்றுச் சோதனை. கலனில் மண் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லாக் குப்பி மாதிரிகளையும் முதலிலும் எல்லாச் சவ்வு மாதிரிகளையும் கடைசியிலும் எடுத்தால் கடைசி முறைக்குச் சேறுதான் போய்ச்சேரும். ஒவ்வொரு முறையும் கலக்கி எடுங்கள், எடுக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள்.

எந்த முறை அதிகம் பிடித்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, இருந்ததில் எவ்வளவு பிடித்தது என்று தெரிய வேண்டும். அதற்கு எண்ணிக்கை தெரிந்த ஈ. கோலியை வேண்டுமென்றே சேர்க்க வேண்டும். ஏ.டி.சி.சி. 25922 போன்ற தரக்கட்டுப்பாட்டு இனம் பொருத்தமானது. ஆய்வுகூடத்தில் சும்மா கிடக்கும் டி.எச்.5 அல்பா போன்ற குளோனிங் இனத்தை எடுக்க வேண்டாம். அதில் பீட்டா-கலக்டோசிடேசு நொதியம் முழுமையாக இல்லை, நிறமூட்டும் ஏகாரில் எதிர்பார்த்த நிறம் வராது, முறைதான் தோற்றது என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

இரவு முழுதும் வளர்ந்த வளர்ப்பில் மில்லிலீற்றருக்கு நூறு கோடி அளவில் கலங்கள் இருக்கும். பத்துப் பத்து மடங்காக ஏழு முறை ஐதாக்கினால் மில்லிலீற்றருக்கு நூறு அளவில் வரும். அதில் 2 மில்லிலீற்றரை மாதிரியில் சேர்க்கும் அதே நேரத்தில், அதே ஐதாக்கலிலிருந்து நேரடியாகத் தட்டில் பரப்பி உண்மையான எண்ணைப் பெறுங்கள். கணக்கு இப்படி: சேர்த்தது 200, சேர்க்காத மாதிரியில் ஏற்கெனவே இருந்தது 35, சேர்த்த மாதிரியில் எண்ணியது 171 என்று வைத்துக்கொள்வோம். 171இலிருந்து 35ஐக் கழித்தால் 136. அதை 200ஆல் வகுத்தால் மீட்பு 68 சதவீதம். 35ஐக் கழிக்க மறந்தால் 85.5 என்று வரும், எல்லோரும் சந்தோசப்படுவார்கள். இந்த 171ஐ ஒரே சவ்வில் எண்ண முயல வேண்டாம், மூன்றாகப் பிரித்து வடித்துக் கூட்டுங்கள்.

எண்கள் வந்ததும் அவசரப்பட வேண்டாம். கொலனி எண்ணிக்கையில் இயல்பான ஊசலாட்டம் ஏறத்தாழ அந்த எண்ணின் வர்க்கமூலம். 40 வந்த தட்டில் ஆறு கூடலாம், குறையலாம், 48இல் ஏழு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எட்டுத்தான். இதை வைத்துக்கொண்டு ஒரு முறை மற்றதைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு மாதிரிக்கும் குறிப்பேட்டில் இவை இருக்கட்டும்: வடித்த கன அளவு, எடுத்த நேரம், வெற்றிட அளவு, கலங்கல் அளவு, நீரின் வெப்பநிலை, முந்திய நாள் மழை பெய்ததா என்பது. கலங்கலை அளக்கக் கருவி இல்லாவிட்டால் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டைக் கறுப்பு வெள்ளைக் காற்பங்குகளாகப் பூசி, கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தை எழுதலாம். டயலைசரையும் 47 மில்லிமீற்றர் சவ்வையும் ஒப்பிடும்போது மீட்புச் சதவீதத்தோடு ஒரு மாதிரிக்கு ஆள் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதையும் போடுங்கள். அரிதான நோய்க்கிருமியைத் தேடும்போது, 50 லீற்றரில் 50 சதவீதம் மீட்கும் முறை 100 மில்லிலீற்றரில் 90 சதவீதம் மீட்கும் முறையைவிட மேல். ஈ. கோலி நிறைந்த கால்வாய் முகத்துக்கு அதே டயலைசர் வீண் செலவு.

கரையிலும், வழியிலும், வேலை முடிந்த பிறகும்

முழங்கால் உயர இறப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி நீரிலும் சேற்றிலும் இருக்கும், காலில் சிறு கீறல் போதும். அட்டைக்கு உப்புப் பூசுபவர்கள் அந்தக் கையோடு போத்தல் மூடியைத் தொட வேண்டாம். நீர்மின் தேக்கங்களில் நீர்மட்டம் சொல்லாமல் இறங்கும், நேற்று நீருக்குள் இருந்த கரை இன்று காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இடுப்பளவு சேறு. தேக்கத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, இருவராகப் போங்கள்.

டி.என்.ஏ.வுக்காக வடித்த சவ்வை இரண்டாக மடித்து, வடித்த பக்கம் உள்ளே இருக்க, குழாயில் இட்டு உடனே உறைய வைக்க வேண்டும். குப்பியாயின் நீரை முழுதும் தள்ளிவிட்டு, கலமுடைக்கும் கரைசலையோ 95 சதவீத எதனோலையோ நிரப்பி இருமுனையும் மூடுங்கள். நானுஓயாவில் ரயிலேற்றிப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்பும்போது ஐஸ் உருகினாலும் எதனோலில் இருப்பது தாங்கும், வெறுமனே உறைய வைத்தது தாங்காது. பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். எதனோல் ஒரு துளி சிந்தினால் மார்க்கர் எழுத்து முழுவதும் கரைந்து, பன்னிரண்டு குழாயும் ஒரே மாதிரி வந்து சேரும்.

எண்ணி முடித்த தட்டுகளைக் குப்பையில் போடக்கூடாது. நீங்கள் சேர்த்த ஈ. கோலியோடு வாவியிலிருந்து வந்தவையும் இப்போது கோடிக்கணக்கில் பெருகியிருக்கின்றன. மேலே சொன்ன உயரக் கணக்குப்படி ஒட்டோகிளேவில் வையுங்கள். வடிதிரவம், கழுவிய நீர், புனல் ஆகியவற்றுக்குப் பத்துக்கு ஒன்றாகக் கலந்த பிளீச்சில் அரை மணி நேரம். பிறகு புனலை நன்றாக அலசுங்கள், பிளீச் மீதமிருந்தால் அடுத்த நாள் மாதிரி அதிலேயே செத்துவிடும்.